ஆபிரிக்கக் காட்டோடைக் கில்லி மீனும் கமக்காரரும்

நெல் விளைவிப்போரும் மரக்கறி பயிரிடுவோரும் நிலத்தைப்பற்றியும் விதையைப்பற்றியும் பசளையைப்பற்றியும் அறிந்துகொள்வதில் ஆர்வமுடையவர்கள். ஆயின் வயலுக்கு வரும் நீரைப்பற்றி நாம் எண்ணுவது பெரும்பாலும் அதன் அளவைப்பற்றியே. நீர் போதுமா, எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்று கேட்கின்றோம். அந்நீரில் வாழும் உயிர்கள் எவை, அவை நமக்குச் செய்யும் தொண்டு யாது, நாம் அவற்றுக்குச் செய்யும் தீங்கு யாது என்று கேட்பது அரிது.

இப்பிரசுரம் மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவிலும் உள்ள காட்டோடைகளில் வாழும் ஒரு சிறு நன்னீர் மீனைப்பற்றியது. அதன் பெயர் கில்லி மீன். விரல் நீளமே உள்ள இம்மீன் சந்தையில் உணவுக்காக விலைப்படுவதன்று. எனினும் மரநிழல், ஓடைநீர், பயிர்மருந்து ஆகிய மூன்றுக்கும் இடையிலுள்ள தொடர்பை இம்மீனின் வாழ்க்கை தெளிவாகக் காட்டுகின்றது. இதன் இனத்துக்கு உறவான சிறு மீன்கள் நமது வாய்க்கால்களிலும் வாழ்கின்றன. ஆதலால், தூர தேசத்து மீன் ஒன்றின் வரலாறு நமது வரம்பு ஓரத்துக்கும் பொருந்துவதாகும்.

பெயரும் இனமும்

கில்லி என்னும் பெயரைக் கேட்டவுடன் கொல்லுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் சிலருக்கு நினைவுக்கு வரலாம். இப்பெயருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒல்லாந்தர் மொழியில் நீரோடையைக் குறிக்கும் 'கில்' என்னும் சொல்லிலிருந்தே இப்பெயர் பிறந்தது என்பர். எனவே கில்லி மீன் என்பதற்கு ஓடை மீன் என்றே பொருள் கொள்ளலாம்.

உலகில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கில்லி மீனினங்கள் அறியப்பட்டுள்ளன. ஆபிரிக்கா, அமெரிக்கா, தென்னாசியா, ஐரோப்பாவின் தென்பகுதி ஆகிய இடங்களில் அவை வாழ்கின்றன. ஆபிரிக்கக் காட்டோடைகளில் வாழும் கூட்டங்களுள் அபியோசெமியன், பண்டுலோபன்சாக்சு, எப்பிபிளாற்றிசு என்பன முக்கியமானவை. அபியோசெமியன் என்னும் பெயரை 1924 ஆம் ஆண்டில் அமெரிக்க மீனியல் அறிஞர் மையேர்ஸ் என்பவர் இட்டார். சிறுமீன், கொடி என்னும் பொருள்களைத் தரும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது அது. ஆண் மீனின் செட்டைகள் கொடிபோல் விரிந்து நிற்றலைக் காண்போர்க்கு இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இவற்றுள் ஒன்றை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் விஞ்ஞானப் பெயர் பண்டுலோபன்சாக்சு கார்ட்னெரி என்பது. உருக்குப்போன்ற நீலநிறம் வாய்ந்தமையால் உருக்கு நீலக் கில்லி எனவும் வழங்கும். பிரித்தானிய நூதனசாலையிற் பணியாற்றிய புலாஞ்சே என்னும் அறிஞர் 1911 ஆம் ஆண்டில் இம்மீனை முதன்முதலாக விவரித்து எழுதினார்.

வாழும் இடம்

இம்மீன் நைசீரியாவிலும் கமரூனிலும் வாழ்கின்றது. குறொஸ் ஆற்றுக்கும் பெனுவே ஆற்றுக்கும் நீர் கொண்டுசெல்லும் சிற்றோடைகளே அதன் முக்கிய இருப்பிடங்கள். பெரிய ஆற்றின் நடுவில் இதனைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். ஒருவர் ஒரே அடியிற் கடந்துசெல்லத்தக்க ஓடைகளிலும், ஓடையின் பக்கத்தே தேங்கிய ஆழமற்ற நீரிலும், வேர்களுக்கும் உதிர்ந்த இலைகளுக்கும் இடையிலுமே இது மறைந்து வாழும். ஆழமான நீரில் தன்னை விழுங்கும் பெரிய மீன்கள் உலாவுவதால், அவை வரமுடியாத இடத்தையே இது தனக்குரிய இடமாகக் கொண்டுள்ளது.

காட்டோடையின் நீர் தனித்தன்மை வாய்ந்தது. அதிற் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. உதிர்ந்த இலைகள் ஊறுவதால் நீர் சிறிது புளிப்புத்தன்மை அடைந்து தேயிலைச் சாயம்போன்ற நிறத்தைப் பெறும். மேலே மரங்கள் கவிந்து நிற்பதால் நண்பகலிலும் வெயில் நேரே படுவதில்லை. வெப்பவலய நாடாயினும் இத்தகைய ஓடைகளில் நீர் குளிர்ச்சியாகவே இருக்கும். சதமவளவை 22 தொடக்கம் 26 பாகை வரையுள்ள வெப்பநிலை இம்மீனுக்கு ஏற்றது. காட்டோடைகளில் வாழும் வேறு பல கில்லி இனங்கள் இதனினும் குளிர்ந்த நீரையே விரும்புகின்றன.

நீர் குளிர்ந்திருப்பதற்கும் மீனின் உயிருக்கும் நெருங்கிய தொடர்புண்டு. குளிர்ந்த நீர் ஒட்சிசனை மிகுதியாகக் கரைத்து வைத்திருக்கும். வெப்பமேற ஏற அவ்வளவு குறையும். அதேவேளை வெப்பமான நீரில் மீனுக்குத் தேவைப்படும் ஒட்சிசனின் அளவு கூடும். வரவு குறையச் செலவு கூடுதல் குடும்பத்துக்கு எத்தகைய கேட்டைத் தருமோ, அத்தகைய கேட்டை மரநிழல் அற்றுப்போன ஓடை மீனுக்குத் தருகின்றது.

உருவமும் உணவும்

வளர்ந்த ஆண் மீன் ஏறக்குறைய 6 சதமமீற்றர், அதாவது இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த நீளமுடையது. அதன் உடல் நீலப்பச்சை நிறத்தது. அதன்மேற் சிவந்த புள்ளிகள் பரவிக் காணப்படும். செட்டைகளின் விளிம்பு சிலவற்றில் மஞ்சளாகவும் சிலவற்றில் வெண்மையாகவும் இருக்கும். பெண் மீனோ மங்கிய கபில நிறமும் சில சிறு புள்ளிகளுமே உடையது. முட்டையிடும் மீன் எதிரிகளின் கண்ணிற் படாதிருத்தற்கு அந்த எளிய நிறமே பாதுகாப்பாகும்.

கில்லி மீனின் வாய் மேல்நோக்கி அமைந்தது. தலையின் மேற்புறம் தட்டையானது. நீரின் மேற்பரப்பிலுள்ள இரையைப் பிடித்தற்கு ஏற்ற அமைப்பு இது. மரக்கிளையிலிருந்து தவறி விழும் எறும்பு, சிறு வண்டு, ஈ முதலியனவும், நீரில் வளரும் பூச்சிகளின் குடம்பிகளும், நுண்ணிய இறால் வகைகளும் இதன் உணவாகும். நுளம்பின் குடம்பிகள் சுவாசிப்பதற்காக நீரின் மேற்பரப்புக்கு வருவன. மேற்பரப்பிலேயே காத்திருக்கும் கில்லி மீனுக்கு அவை எளிதில் இரையாகின்றன.

இங்கு ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ளவேண்டும். நிழல் நிறைந்த ஓடையில் நீர்ச்செடிகள் செழித்து வளர்வதில்லை. வெயில் இன்மையே காரணம். அவ்வாறாயின் அங்கு வாழும் உயிர்களுக்கு உணவு எங்கிருந்து வருகின்றது? மேலேயுள்ள காட்டிலிருந்தே வருகின்றது. உதிரும் இலையை நுண்ணுயிர்களும் பூச்சிக் குடம்பிகளும் உண்கின்றன. அக்குடம்பிகளை மீன் உண்கின்றது. கிளையிலிருந்து விழும் எறும்பும் மீனின் வாய்க்கே போகின்றது. ஆகவே ஓடைக்கரை மரம் வெட்டப்படும்போது மீன் நிழலை மட்டுமன்றித் தன் உணவையும் இழக்கின்றது.

முட்டையின் உறக்கம்

கில்லி மீன் கூடு கட்டுவதில்லை, குஞ்சுகளைப் பேணுவதுமில்லை. பெண் மீன் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இடாமல், நாளுக்குச் சிலவாகப் பல வாரங்களுக்கு இட்டுவரும். ஒவ்வொரு முட்டையும் ஒரு கடுகினளவே இருக்கும். அதன் கோது உறுதியானது. கோதிலுள்ள ஒட்டுந்தன்மை வாய்ந்த நுண்ணிய இழைகள், வேரிலும் பாசியிலும் இலையிலும் முட்டையைப் பற்றிநிற்கச் செய்கின்றன. நீரிற் கிடக்கும் முட்டைகள் பெரும்பாலும் இரண்டு தொடக்கம் மூன்று வாரங்களிற் பொரிக்கும்.

ஓடை வற்றி முட்டை ஈரமான இலைக்குப்பையில் அகப்பட்டுக்கொண்டால் என்னவாகும்? உருக்கு நீலக் கில்லியின் முட்டை உடனே இறந்துபோவதில்லை. ஈரம் இருக்கும்வரை அது உள்ளே வளர்ந்து, நீர் மீண்டும் வரும்வரை பொரியாது காத்திருக்க வல்லது. மீன் வளர்ப்போர் இதன் முட்டைகளை ஈரமான முற்றாநிலக்கரித் தூளில் ஏறக்குறைய ஒரு மாதம் வைத்திருந்து, பின்னர் நீரிலிட்டுப் பொரிக்கச் செய்கின்றனர்.

இவ்வியல்பு முழுமை பெற்றதை ஆபிரிக்காவின் கிழக்குப் பகுதியிலும் தென்கிழக்குப் பகுதியிலும் உள்ள நொதோபிராங்கியசு என்னும் உறவினத்திற் காணலாம். அவை காட்டோடையில் அன்றி, மழைக்காலத்தில் மட்டும் நீர் நிற்கும் வெளிநிலக் குட்டைகளில் வாழ்வன. கோடையிற் குட்டை முற்றாக வற்றும். தாய் மீன்கள் யாவும் இறக்கும். சேற்றிற் புதைந்த முட்டைகள் மட்டுமே எஞ்சும். அடுத்த மழையில் அவை பொரித்துப் புதிய தலைமுறை தோன்றும். சிம்பாபுவேயிலும் மொசாம்பிக்கிலும் வாழும் நொதோபிராங்கியசு பர்செரி என்னும் இனம் 1971 ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது. இயற்கைக் குட்டைகளில் அது பொரித்த 14 நாட்களிலேயே முட்டையிடும் பருவத்தை அடையக்கூடும் என்று 2018 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. மிகக் குறுகிய ஆயுளுடையதாகையால் முதுமையைப்பற்றி ஆராயும் விஞ்ஞானிகள் இம்மீனை விரும்பி வளர்க்கின்றனர்.

முட்டைகளின் உறக்கத்தில் இன்னுமொரு நுட்பம் உண்டு. ஒரே தாயின் முட்டைகள் யாவும் ஒரே மழைக்குப் பொரிப்பதில்லை. சில முந்தும், சில பிந்தும், சில அடுத்த பருவம் வரை உறங்கும். முதல் மழையின் பின் வானம் வெளுத்து நீர் வற்றிவிட்டாலும், உறங்கிக்கிடந்த முட்டைகள் இனத்தைக் காக்கும். வயலில் வீழ்ந்த களைவிதைகளிலும் கமக்காரர் இதனைக் கண்டிருப்பர். ஒரு மழைக்கு முளைத்த களையை உழுது அழித்தாலும், மண்ணில் உறங்கிய விதை அடுத்த மழைக்கு முளைத்து எழுகின்றது. நமக்குத் தொல்லையாகத் தோன்றும் அவ்வியல்பே இம்மீனுக்கு உயிர்க்காப்பாக அமைந்துள்ளது.

ஓடைக்கு ஓர் இனம்

சிற்றோடையில் வாழும் மீன் நெடுந்தூரம் செல்வதில்லை. பெரிய ஆறு அதற்கு மதில்போன்றது. இதனால் ஓர் ஓடையில் வாழும் கில்லி மீனுக்கும் அண்டையிலுள்ள வேறோர் ஓடையில் வாழும் கில்லி மீனுக்கும் நீண்டகாலமாகக் கலப்பில்லாமற் போயிற்று. காலப்போக்கில் அவை நிறத்திலும் புள்ளியிலும் வேறுபட்டன. பல இடங்களிற் தனி இனங்களாகவே பிரிந்தன. உருக்கு நீலக் கில்லியிலும் இவ்வாறு பிரிந்த சிற்றினங்கள் உள்ளன. நைசீரியாவில் ஒன்றும், கமரூனின் மம்பே நகர்ப் பகுதியில் ஒன்றும், எயாகாம் என்னும் ஏரியில் ஒன்றும் என அறிஞர் அவற்றை வகுத்துள்ளனர்.

தென்மார்க்கு நாட்டுப் படையதிகாரியான ஷேல் என்பவர் இம்மீன்களைப் பல ஆண்டுகளாக வளர்த்து ஆராய்ந்து 1968 ஆம் ஆண்டில் ஒரு பெருநூலை வெளியிட்டார். புறத்தோற்றத்தில் ஒத்த மீன்கள் சிலவற்றின் கலங்களிலுள்ள நிறமூர்த்தங்களின் தொகை வேறுபடுதலை அவர் கண்டார். அத்தகையவற்றைக் கலந்து வளர்த்தபோது பிறந்த குஞ்சுகள் பல மலடாயின. ஆதலால் இன்று இம்மீன்களை வளர்ப்போர் அவை பிடிக்கப்பட்ட ஊரின் பெயரை மீனின் பெயரோடு சேர்த்து எழுதி, ஓர் ஊர் மீனை வேறோர் ஊர் மீனோடு கலவாமற் காத்து வருகின்றனர். மொட்டைக்கறுப்பன் விதைநெல்லிற் பச்சைப்பெருமாள் கலவாதவாறு தனித்தனியே கட்டிவைத்த நமது முன்னோரின் வழக்கத்துக்கு இது ஒப்பானது.

இப்பிரிவினால் வரும் ஆபத்தும் உண்டு. பரந்து வாழும் மீனினம் ஓரிடத்தில் அழிந்தாலும் வேறிடத்தில் எஞ்சும். இரண்டொரு ஓடைகளில் மட்டும் வாழும் இனமோ, அவ்வோடைகள் கெட்டுப்போகுமாயின் அடியோடு அழியும். இக்காரணத்தால் ஆபிரிக்கக் கில்லி மீன்கள் பல இன்று அழியும் ஆபத்தில் உள்ளவையாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செந்நூலில் இடம்பெற்றுள்ளன.

காடும் கொக்கோத் தோட்டமும்

கமரூனின் தென்பகுதியிலும் நைசீரியாவின் தென்பகுதியிலும் கொக்கோ முக்கிய பணப்பயிர். அங்குள்ள சிறு கமக்காரர் பலர், பெருமரங்களை முற்றாக வெட்டாமல் அவற்றின் நிழலிற் கொக்கோவை நடுகின்றனர். பழமரங்களும் மருந்துமரங்களும் தோட்டத்தினுள்ளேயே நிற்கும். இத்தகைய தோட்டத்தினூடாகச் செல்லும் ஓடையில் நிழல் முற்றாக அழிவதில்லை. இலை உதிர்வதும் நிற்பதில்லை. காட்டுக்கு நிகர் என்று சொல்லமுடியாவிடினும், வெட்டவெளியிலும் பார்க்க அது மீனுக்கு மிக நல்லது. மாறாக, எண்ணெய்ப்பனை முதலியவற்றைப் பெருமளவிற் பயிரிடுவதற்காகக் காடு முழுவதும் ஓடைக்கரை வரை அழிக்கப்படும் இடங்களில் நிலைமை வேறு. அங்கு மழைநீர் மண்ணை அரித்து ஓடையில் சேர்க்கும். சேறு இலைக்குப்பையை மூடும். வேர்களிடையே ஒட்டிய முட்டைகள் மூச்சடைத்து அழியும்.

கொக்கோத் தோட்டத்திலும் ஒரு குறை உண்டு. அப்பகுதிகளில் மழைக்காலத்திற் காயைக் கருக்கி அழுகச் செய்யும் பங்கசு நோய் ஒன்று பெருஞ் சேதம் விளைவிக்கின்றது. அதனைத் தடுப்பதற்குச் செப்புச் சேர்ந்த மருந்துகளைக் கமக்காரர் பலமுறை தெளிப்பர். செப்பு பயிருக்குக் காவல். ஆயின் மீனுக்கு நஞ்சு. மிகச் சிறிய அளவிலும் அது மீனின் பூக்களைத் தாக்கி, உடலிலுள்ள உப்பின் சமநிலையைக் குலைக்கின்றது. சுண்ணாம்புச் சத்து நிறைந்த வன்னீரில் அந்நஞ்சின் வேகம் தணியும். காட்டோடையின் மென்னீரிலோ அதனைத் தணிப்பதற்கு எதுவும் இல்லை. ஒரே அளவு செப்பு, ஓரிடத்தில் மீனைச் சிறிது வருத்துவதாகவும் வேறோரிடத்தில் அதனைக் கொல்வதாகவும் அமைவதன் காரணம் இதுவே.

உருளைக்கிழங்கு, தக்காளி முதலியவற்றுக்குப் போடோக் கலவையையும் பிற செப்பு மருந்துகளையும் தெளிக்கும் நமது மரக்கறிச் செய்கையாளர் இதனை நன்கு கவனித்தல் வேண்டும். மலைநாட்டு ஓடைகளின் நீர் பெரும்பாலும் மென்னீராகும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரோ சுண்ணாம்புப் பாறையினின்று வருவதால் வன்னீராகும். ஆகவே மருந்தின் அளவு ஒன்றேயாயினும் அதனால் நீருயிர்களுக்கு வரும் கேடு இடத்துக்கு இடம் மாறுபடும்.

காட்டோடைகளில் மீன் பிடிக்கும் முறைகளும் இங்கு குறிப்பிடத்தக்கவை. மத்திய ஆபிரிக்காவிற் கோடைகாலத்தில் பெண்களும் சிறுவரும் கூடிச் சிற்றோடையை மண்ணாலும் தடிகளாலும் மறித்து, நீரை இறைத்துவிட்டு மீன்களை அள்ளுவர். இவ்வாறு ஓடையின் ஒரு பகுதியை மட்டும் இறைத்துப் பிடிப்பதால், மழை வந்தபின் மேலிருந்தும் கீழிருந்தும் மீன்கள் மீண்டும் வந்து சேரக்கூடும். வேறு சிலர் செடியின் இலையை இடித்து நீரிலிட்டு மீனை மயக்கிப் பிடிப்பர். இதற்குப் பயன்படும் செடிகளுள் ஒன்று நாம் பசளையாக இடும் காவிளாய்க்கு நெருங்கிய உறவினது. அச்செடியின் நஞ்சு சில நாட்களில் வெயிலாற் சிதைந்து மறையும். இக்காலத்தில் அதற்குப் பதிலாகச் சிலர் கடையில் வாங்கிய பூச்சிநாசினியை ஓடையில் ஊற்றுகின்றனர். அது பெரிய மீனையும் சிறிய மீனையும், குடம்பியையும் இறாலையும் ஒருங்கே கொல்லும். அம்மீனை உண்போரும் அந்நீரைக் குடிப்போரும் அந்நஞ்சுக்கு ஆளாவர்.

காடுகளைக் காக்கும் முயற்சியும் நடைபெறுகின்றது. கமரூனில் கொறுப் தேசிய பூங்கா 1986 ஆம் ஆண்டிலும், எல்லைக்கு அப்பால் நைசீரியாவிற் குறொஸ் ஆற்றுத் தேசிய பூங்கா 1991 ஆம் ஆண்டிலும் நிறுவப்பட்டன. ஆயின் பூங்காவின் எல்லைக்கு வெளியே உள்ள ஓடைகள் பல. அவற்றின் கதி அவ்வூர்க் கமக்காரரின் கையிலேயே உள்ளது.

எயாகாம் ஏரி தரும் படிப்பினை

கமரூனிலுள்ள எயாகாம் ஏரி மிகச் சிறியது. அதன் பரப்பு ஏறக்குறைய 120 ஏக்கர் மட்டுமே. நமது ஊர்க்குளங்கள் பலவற்றின் அளவே அது. உருக்கு நீலக் கில்லியின் ஒரு சிற்றினமும், உலகில் வேறெங்கும் காணப்படாத வேறு சில சிறு மீனினங்களும் அங்கு வாழ்கின்றன. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்வேரியில் முன்பு இல்லாத ஒரு கெளிற்றின மீன் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அது பெருகியமையால், ஏரிக்கேயுரிய மீன்கள் அழியும் ஆபத்துக்கு உள்ளாயின.

விட்டவர் தீமை செய்ய எண்ணியிருக்கவேண்டியதில்லை. உணவுக்கு மீன் பெருகும் என்று எண்ணியும் விட்டிருக்கலாம். ஆயினும் நீரில் விட்ட மீனைத் திரும்பப் பிடித்துவிட முடியாது. வயலிற் பிழையாக நட்ட பயிரை அடுத்த போகத்தில் மாற்றலாம். குளத்திற் பிழையாக விட்ட மீனை மாற்றுதல் அரிது.

நமது நாட்டிலும் அயல்நாட்டு மீன்களின் வரலாறு உண்டு. ஆபிரிக்காவின் திலாப்பியா மீன் 1952 ஆம் ஆண்டில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டுக் குளங்களில் விடப்பட்டது. அது பலருக்கு உணவும் தொழிலும் அளித்தது. வேறு சில மீன்களோ அழகுக்காகத் தொட்டிகளில் வளர்க்கப்பட்டுப் பின்னர் நீர்நிலைகளிற் புகுந்து, நாட்டு மீன்களை உண்ணும் பகையாயின. கத்திபோன்ற உடலையுடைய அயல்நாட்டுக் கத்தி மீன் அவற்றுள் ஒன்று. எந்த மீன் நன்மை தரும், எது தீமை தரும் என்பதைத் தனி ஒருவர் தம் விருப்பப்படி சோதித்துப் பார்த்தல் ஆகாது. ஆபிரிக்கக் கில்லி மீனும் தொட்டியில் வளர்க்கத்தக்க அழகிய மீனே. ஆயின் அதனை நமது ஓடையில் விடுதல் தவறு. அதன் தொழிலைச் செய்வதற்கு நம்மிடமே அதன் உறவினம் இருக்கின்றது.

நமது வாய்க்காலிலுள்ள உறவினம்

வயல் வாய்க்காலின் ஓரத்திற் சிறிது நேரம் அசையாது நின்று பார்ப்போர், நீரின் மேற்பரப்பை ஒட்டி ஒரு சிறு மீன் மெல்ல நகர்வதைக் காணலாம். மேலிருந்து பார்க்கும்போது அதன் தலையுச்சியில் வெள்ளிப்பொட்டுப்போன்ற ஒரு புள்ளி மின்னும். இதுவே அப்பிளோகைலசு என்னும் கூட்டத்தைச் சேர்ந்த நமது நாட்டுக் கில்லி மீன். தாழ்நிலங்களிற் பரந்து காணப்படும் சிறிய இனத்துக்கு, சென்னைப் பகுதியின் நன்னீர் மீன்களை ஆராய்ந்த சுந்தர ராஜ் என்னும் அறிஞர் 1916 ஆம் ஆண்டில் விஞ்ஞானப் பெயர் இட்டார். ஈரவலயத்தின் நிழலோடைகளில் வாழும் மற்றோரினம் இலங்கைக்கேயுரியது. ஆபிரிக்கக் காட்டோடைக் கில்லியைப்போலவே அதுவும் மரநிழலையும் தெளிந்த நீரையும் நாடி வாழ்கின்றது.

மேல்நோக்கிய வாய், தட்டையான தலை, மேற்பரப்பில் இரை தேடும் பழக்கம் ஆகியன யாவும் இவற்றுக்கும் உண்டு. நுளம்புக் குடம்பிகளை இவை விரும்பி உண்ணும். இதன் பெறுமதியை நமது நாட்டின் வரலாறே உணர்த்தும். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மழை பொய்த்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்கியபோது, அவற்றில் மலேரியா நுளம்பு பெருகியது. அக்காய்ச்சலுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். நெடுங்கால முயற்சியின் பயனாக, 2016 ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார தாபனம் அறிவித்தது. எனினும் நுளம்புகள் ஒழிந்துவிடவில்லை. நெல்வயலிற் பெருகும் நுளம்பு வகைகள் யப்பானிய மூளையழற்சிக் காய்ச்சலையும் பரப்பவல்லன. ஒரு சிறு மீன் தனித்து நோயை ஒழிக்கும் என்று கூறுதல் பொருந்தாது. ஆயின் கூலியின்றி நாள்தோறும் குடம்பிகளைத் தின்று தொகையைக் குறைக்கும் இம்மீனை நாமே நஞ்சிட்டுக் கொல்லுதல் அறிவுடைமையாகாது.

கமக்காரர் செய்யத்தக்கவை

மேற்கூறியவற்றை மனத்திற்கொண்டு பின்வருவனவற்றைக் கடைப்பிடித்தல் நன்று.

(1) ஓடை, வாய்க்கால், குளக்கட்டின் கீழ்ப்புறம் ஆகியவற்றின் ஓரத்தில் நிற்கும் மருது முதலிய மரங்களை வெட்டாது விடுக. வெட்டப்பட்ட இடத்தில் அவ்விடத்துக்குரிய மரங்களை மீண்டும் நடுக. வேர் கரையைக் காக்கும். நிழல் நீரைக் காக்கும்.

(2) பீடை உண்டென்று கண்டபின்னரே, அதுவும் சேதம் விளைக்கத்தக்க அளவுக்குப் பெருகியபின்னரே, பீடைநாசினியைத் தெளிக்குக. அயலார் தெளிக்கின்றார் என்பதற்காகத் தெளித்தல் வேண்டாம். எதனைத் தெளிப்பது என்பதைப் பிரதேச விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிக.

(3) நீர்நிலையை அடுத்த சில யார் அகலமான நிலத்தில் மருந்து தெளியாது விடுக. காற்று நீரை நோக்கி வீசும்போதும், மழை வரும் அறிகுறி தோன்றும்போதும் தெளித்தலைத் தவிர்க்குக.

(4) வயலில் மருந்திட்டபின், சிட்டையிற் குறிப்பிட்ட நாட்கள் செல்லும்வரை வயல்நீரை வாய்க்காலுக்கு வடித்துவிடாதீர்.

(5) தெளிகருவியையும் கைகால்களையும் ஓடையிலோ கிணற்றடியிலோ கழுவவேண்டாம். மருந்துப் போத்தலை மும்முறை நீரால் அலசி, அந்நீரையும் தெளிகருவியிலேயே ஊற்றிப் பயிருக்கே தெளிக்குக. வெற்றுப் போத்தலை நீரில் எறிதலும், வீட்டுத் தேவைக்கு எடுத்தலும் கூடாது.

(6) மீன் பிடிப்பதற்காக நீரில் எவ்வித நஞ்சையும் இடாதீர், இடுவோரைத் தடுக்குக.

(7) வாய்க்காலைத் துப்புரவாக்கும்போது முழு நீளத்தையும் ஒரே நாளிற் செதுக்காது, பகுதி பகுதியாகச் செய்க. ஆழமான ஓரிரு குழிகளை விட்டுவைப்பின், கோடையில் மீன்கள் அவற்றில் ஒதுங்கி உயிர் பிழைக்கும். மழை வந்ததும் அங்கிருந்தே வயலெங்கும் பரவும்.

(8) தொட்டியில் வளர்த்த அயல்நாட்டு மீனையோ நீர்ச்செடியையோ வாய்க்காலிலும் குளத்திலும் விடாதீர். கிணற்றிலோ தோட்டத் தொட்டியிலோ நுளம்புக் குடம்பியைத் தின்பதற்கு மீன் வேண்டுமாயின், சுகாதார உத்தியோகத்தரின் ஆலோசனையைப் பெறுக.

இவற்றைச் செய்வதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை, கவனமே வேண்டும். மருந்தை அளவோடு தெளிப்பதாற் கமக்காரரின் கைப்பணமும் மிஞ்சுகின்றது. வயலிலுள்ள சிலந்தி, தும்பி முதலிய நன்மை செய்யும் உயிர்களும் அதனாற் பிழைத்துப் பீடைகளைக் குறைக்கின்றன.

கமரூனின் காட்டோடைக் கரையிற் கொக்கோ பயிரிடுவோரும், இங்கு வாய்க்காற் கரையில் நெல்லும் மிளகாயும் பயிரிடும் நாமும் ஒருவரையொருவர் அறியோம். ஆயினும் இருவரும் எதிர்நோக்கும் கேள்வி ஒன்றே. பயிரையும் காத்து, பயிருக்கு உயிரான நீரையும் காப்பது எவ்வாறு என்பதே அது. மேல்வயலிற் கலந்த நஞ்சு கீழ்வயலுக்கும், அதன்பின் குடிநீர்க் கிணற்றுக்கும் வந்து சேரும். அக்கேடு மனிதரின் கண்ணுக்குப் புலப்படுமுன் சிறு மீனையே முதலிற் தாக்கும். ஆதலால் வயலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும்போது வாய்க்காலையும் ஒரு கணம் பார்க்குக. வெள்ளிப்பொட்டுடன் சிறு மீன்கள் அங்கு உலாவுமாயின் நீர் நன்றாயிருக்கின்றது என்பதற்கு அவை ஒரு சான்று. முன்பு இருந்த மீன்கள் இன்று இல்லாவிடின், மேலே யார் எதனைத் தெளித்தார் என்று அயலாரோடு கூடி விசாரித்தறிந்து, வேண்டியதை உடனே செய்தல் கமக்காரர் யாவரதும் கடமையாகும்.